அக்கரைக் காளிக்கு நடக்கிற வழி

ஏழாயிரம்பண்ணை
10.1.2005

அன்பான ராக்காயி அக்காவுக்கு, தங்கச்சி வேலுத்தாய் கும்பிட்டு எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு அந்த மூச்சிரைப்பு மறுபடி வந்ததா? பிள்ளைகள் ரெண்டு பேரும் சுகமா? திருப்பூர்ப் பனி உனக்கு ஆகாது, காதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போ.

போன் பண்ணினால் மச்சான்தான் எடுப்பார். அவர் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் உன் பனியன் கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பெத்தணனுக்கு வருசத் திதி முடிந்துவிட்டது. இனி நான் கோயில் படி ஏறலாம். ஆனால் இந்த ஊரில் யார் வீட்டுப் படியும் ஏற முடியவில்லை அக்கா. "மருந்து ரூமுக்குள்ள பீடி குடிச்சான், அதான் வெடிச்சது" என்று பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்த உன் புருஷன் போலீசில் சொன்னாரே, அந்த ஒரு சொல் இன்னும் ஊருக்குள் நிற்கிறது. வெற்றிலைகூடப் போடாத மனுஷன் அவர். அவரோடு செத்த மூன்று பேர் வீட்டிலும் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். கம்பெனி வேனில் என் பக்கத்தில் இடம் இருந்தாலும் முருகேஸ்வரி நின்றுகொண்டேதான் வருகிறாள். நேற்று குழாயடியில் நான் குடத்தை வைத்ததும், "கொலைகாரன் பொண்டாட்டி தொட்ட தண்ணி எம் புள்ளைகளுக்கு வேண்டாம்" என்று பிடித்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுப் போனாள். அவளும் அந்த வெடியில் தாலி அறுத்தவள், அவளை நான் எதைச் சொல்வது!

எனக்கு ஒரு நேர்ச்சை இருக்கிறது. பஸ்ஸில் போகக் கூடாது, நடந்துதான் போக வேண்டும். திருச்செந்தூருக்கும் பழனிக்கும் வருசா வருசம் நடக்கிறவள் நீ. தூரத்து நடைக்கு என்னென்ன செய்ய வேண்டும், ஒன்று விடாமல் எழுது. எந்தக் கோயில் என்று அப்புறம் சொல்கிறேன்.

உன் தங்கை,
வேலுத்தாய்

*

திருப்பூர்
17.1.2005

என் செல்லத் தங்கச்சி வேலுத்தாய்க்கு அக்கா எழுதிக்கொள்வது. உன் கடிதம் கண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மூச்சிரைப்பு இப்போது இல்லை. பிள்ளைகள் சித்தியைக் கேட்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஒரு ஆளுக்கு எதற்கு உலை என்று பட்டினி கிடக்காதே.

ஏ தாயி, சாத்தூர்ச் சந்தைக்கு நடப்போம் என்றாலே பஸ் வருதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறவள் நீ. நீயா நடக்கப் போகிறாய்? சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது. சரி, கேட்டுக்கொள்.

செருப்பு புதிதாக வாங்கிவிடாதே. காலில் கிடந்து பழகின பழசுதான் உனக்குத் தெய்வம். ஒரு மாசத்துக்கு முன்பே சாயங்காலம் தோறும் நடந்து பழகு. கொண்டுபோகிற பையையும் தோளில் மாட்டிக்கொண்டே பழகு, இல்லாவிட்டால் பாதி வழியில் கழுத்து கழன்றுபோகும். நகத்தைக் கிளம்புகிற அன்று வெட்டாதே, நாலு நாளைக்கு முன்பே வெட்டிவிடு. விடியும் முன்னே கிளம்பி வெயில் ஏறியதும் எங்காவது நிழலில் படுத்துவிடு. வெயில் தாழ்ந்தபின் மறுபடி நட. வயிறு முட்டத் தின்றுவிட்டு நடக்கக் கூடாது, கஞ்சி போதும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி.

ரோட்டில் வலப்பக்கமாகப் போ, லாரி உன் முகத்துக்கு நேரே வர வேண்டும். கொப்புளம் வந்தால் தோலை உரித்துவிடாதே. ஊசியில் நூல் கோத்து ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்து, நூலை அப்படியே விட்டுவிடு. நீர் தானாக வடிந்துவிடும். தங்குகிற இடத்தில் காலைச் சுவர் மேல் தூக்கி வைத்துப் படு. பாதத்தைத் தண்ணீரில் ஊற வைக்காதே, தோல் இளகினால் நடை போச்சு.

போலீஸ் கேட்டபோது உன் மச்சான் பதறிப்போய் இருந்தார். ஏதோ வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார். பழசையே பிடித்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

எந்தக் கோயில்? இருக்கன்குடியா? அதற்கா இம்புட்டுக் கேள்வி!

ஆசையுடன்,
அக்கா

*

ஏழாயிரம்பண்ணை
25.1.2005

அக்காவுக்கு வேலுத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. உன் கடிதத்தைப் பாடமாகவே படித்துவிட்டேன்.

இருக்கன்குடி இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி தாண்டி, வைகைக்கு அக்கரையில் இருக்கிற காளிக்கு. அங்கே எதற்குப் போவார்கள் என்று உனக்குத் தெரியும். அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லி, பீடத்துக் கல்லில் காசை வைத்து உளியால் ரெண்டாக வெட்டுவார்கள். நான் மச்சான் பெயரைச் சொல்லி வெட்டப் போகிறேன்.

வெடிக்கு முந்தின சாயங்காலம் பெத்தணன் வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா? "மிஞ்சின மருந்த அழிக்கணும் அண்ணாச்சின்னு உன் மச்சான்கிட்டச் சொன்னேன். அவசர ஆர்டர்லே, லோடு போகணும், நாளைக்கு அதையே குழாயில செலுத்துங்கங்காரு" என்றார். கலந்த மருந்து ராத்திரி தங்கினால் தானாகவே சூடேறி வெடிக்கும் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதை நான் போலீசில் சொன்னேன். பொண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்று சிரித்தார்கள். மச்சான் அந்த மாதமே உங்களைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார்.

உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஒளிந்து செய்கிற காரியம் இல்லை என்பதால்தான் உன்னிடமே சொல்கிறேன். அவரிடமும் சொல்லிவிடு. அருப்புக்கோட்டைக்கு அப்பால் நிழலே கிடையாது என்கிறார்கள். அந்தப் பொட்டலை எப்படித் தாண்டுவது? உன் வாயால் வழி சொன்னால்தான் எனக்கு மனசு ஒப்பும்.

வேலுத்தாய்

*

திருப்பூர்
30.3.2005

அன்புத் தங்கச்சிக்கு அக்காவின் ஆசிகள் பல. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சின்னவளுக்கு அம்மை போட்டு இறங்கியது, கம்பெனியிலும் ஆர்டர் நெருக்கடி. அதனால்தான் ரெண்டு மாசமாகப் பதில் போட முடியவில்லை. தப்பாக நினைக்காதே.

உன் நேர்ச்சையைத் தடுக்க நான் யார்? தப்புச் செய்தவர்கள் அனுபவிப்பார்கள், செய்யாதவர்களுக்கு என்ன பயம். நல்லபடியாகப் போய் வா. ஆனால் முன்னே நான் எழுதினது முருகன் கோயிலுக்கு. காளிக்கு நடக்கிற முறையே வேறு, இங்கே விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன்.

சித்திரை வெயிலில் போனால்தான் அவள் இரங்குவாள். உச்சி வேளையில் நடக்க வேண்டும். நடந்து தேய்ந்த செருப்போடு போகக் கூடாது, கிளம்புகிற அன்று புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொள். காலையிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்கு ஊர் நடுவில் தண்ணீர் குடிக்காமல் நட, அது விரதத்தோடு சேர்ந்தது. தங்குகிற இடத்தில் வெந்நீரில் உப்புப் போட்டுப் பாதத்தை நன்றாக ஊற வை. கொப்புளம் வந்தால் தோலைச் சுத்தமாக உரித்து மஞ்சளும் சுண்ணாம்பும் வை, எரியும், பொறுத்துக்கொள். அந்தப் பொட்டலில் எங்கேயும் உட்காராதே.

எல்லாவற்றையும் அப்படியே செய். அக்கா உன் நல்லதுக்குத்தான் சொல்வேன்.

ராக்காயி

*

ஏழாயிரம்பண்ணை
2.5.2005

அக்காவுக்கு வேலுத்தாய் எழுதுவது. சின்னவளுக்குத் தழும்பு விழாமல் இருக்கிறதா? வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவு.

நான் போனேன், சேரவில்லை. நீ சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன். புதுச் செருப்பு சாத்தூர் போகும்முன்பே குதிகாலைத் தின்றுவிட்டது. ஊற வைத்தேன், உரித்தேன், சுண்ணாம்பு வைத்தேன். அருப்புக்கோட்டை தாண்டி அந்தப் பொட்டலில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான் தெரியும். யாரோ டிராக்டரில் போட்டுத் திரும்ப அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் நினைவு வந்தது. ரெண்டு பாதத்திலும் தோல் இல்லை. பஸ்ஸில்தான் ஊர் திரும்பினேன்.

உன் யோசனைக்கு நன்றி அக்கா. இனி என்ன செய்யலாம் என்று நீயே சொல்.

வேலுத்தாய்

*

திருப்பூர்
7.5.2005

என் கண்ணே வேலுத்தாய், உன் கடிதம் படித்து அக்கா அழுதுவிட்டேன். காலில் ஈரம் படாமல் பார்த்துக்கொள். கம்பெனிக்குப் போகாதே.

பார்த்தாயா, அம்மா உத்தரவு கொடுக்கவில்லை! அவளுக்கே இஷ்டமில்லாததை நீ ஏன் பிடிவாதம் பிடிக்கிறாய்? போதும் தாயி, இத்தோடு விட்டுவிடு. இங்கே வந்து பத்து நாள் இரு. உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துத் தருகிறேன். மச்சானும் உன்னைக் கூட்டிவரச் சொல்கிறார். பெத்தணன் தம்பி பெயரில் இங்கே அன்னதானம் போடலாம் என்கிறார். கடிதம் படித்ததில் இருந்து எனக்கு மனசு லேசாக இருக்கிறது. நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அக்கா

*

ஏழாயிரம்பண்ணை
20.6.2005

ராக்காயிக்கு,

சுகமா என்று கேட்க வேண்டியதில்லை. நான் பாதம் உரிந்து கிடந்த வாரத்தில் நீ நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாய், சுகமாகத்தான் இருப்பாய்.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். அருப்புக்கோட்டையில் நடைக்காரர்களுக்குக் கூழ் ஊற்றுகிற பத்திரகாளி என்ற தறிக்கார அம்மா என்னை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தாள். காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏ ஆத்தா, தோல உரிச்சு சுண்ணாம்பு வச்சியா? எவ சொல்லிக் குடுத்தா இத?" என்றாள். எங்கள் அக்கா என்றேன். "அவ நடந்தே அறியாதவளா?" என்றாள். வருசா வருசம் நடக்கிறவள் என்றேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தாள். "அப்பன்னா அவளுக்கு நீ போய்ச் சேரக் கூடாது" என்றாள்.

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. தெரியாமல்தான் எழுதியிருப்பாய் என்று நினைத்து, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி உனக்குக் கடிதம் போட்டேன். நீ என்ன எழுதுவாய் என்று பார்க்கத்தான். அடி பாவி, நீ சந்தோஷப்பட்டுப் பதில் எழுதினாய்! அதுவும் அஞ்சே நாளில்! முன்னே பதில் போட ரெண்டு மாசம் ஆனவள்!

நீ எனக்குப் பெரிய உதவி செய்திருக்கிறாய். மச்சான் பொய் சொன்னார் என்பதற்கு எனக்கு இதுவரை பெத்தணன் பேச்சு மட்டும்தான் இருந்தது. இப்போது நீயும் சாட்சி. மச்சான் சொன்னது உண்மை என்றால் நான் மூட்டை மூட்டையாகக் காசு வெட்டினாலும் நீ சிரித்துக்கொண்டு போயிருப்பாய். உன் புருஷன் பெயர் அந்தக் கல்லில் விழுந்துவிடக் கூடாது என்று பயந்துதானே கூடப்பிறந்தவளைப் பொட்டலில் சாகவிட்டாய்?

கால் ஆறிவிட்டது. ஆடியில் மறுபடி கிளம்புகிறேன், உன் முதல் கடிதத்தில் இருக்கிறபடி.

வேலுத்தாய்

*

திருப்பூர்
28.6.2005

வேலுத்தாய்,

ஆமாம், நீ பாதி வழியில் திரும்ப வேண்டும் என்றுதான் எழுதினேன். நீ சாக வேண்டும் என்று நினைக்கவில்லை, என் பிள்ளைகள் சத்தியம். நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

அவர் சொன்னது பொய்தான். இங்கே வந்த புதிதில் என்னிடம் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு என்ன செய்யச் சொல்கிறாய்? ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு ரெண்டு பெண்பிள்ளைகளை நான் எங்கே கொண்டு நிறுத்துவேன்? உன் புருஷன் செத்துப்போனான், அவனுக்கு இனி நல்ல பெயர் என்ன, கெட்ட பெயர் என்ன? என் புருஷன் உயிரோடு இருக்கிறார். என் இடத்தில் நீ இருந்தால் நீயும் இதைத்தான் செய்திருப்பாய்.

காலில் விழுகிறேன், போகாதே. போனால் நமக்குள் ஒன்றுமில்லை. நான் செத்தால்கூட நீ வர வேண்டாம்.

ராக்காயி

*

ஏழாயிரம்பண்ணை
19.8.2005

அக்காவுக்கும் மச்சானுக்கும், வேலுத்தாய் எழுதுவது. இந்த முறை வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். யார் உடைத்தாலும் சரி.

நான் உன் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒருவேளை நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் உன் காலைச் சுண்ணாம்பில் வேக விட்டிருக்க மாட்டேன்.

பழைய செருப்பு, கஞ்சி, மோர், விடியும் முன் நடை. ஒரு கொப்புளம்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தேன். முதல் கடிதம் எழுதிய அக்காவுக்கு என் கும்பிடு. நீ பொய் என்று ஒத்துக்கொண்ட கடிதத்தை வைகை மணலில் கிழித்துப் போட்டேன். அதைக் காட்டினால் அக்கா தங்கச்சி சண்டை என்று ஊர் சிரிக்கும். எனக்கு உன் எழுத்து வேண்டாம், அவர் வாய் வேண்டும்.

பூசாரி பெயர் கேட்டார். "சோணைமுத்து, என் கூடப்பிறந்தவ புருஷன்" என்றேன். உளியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "நெருங்கின சொந்தமா இருக்கேம்மா. வெட்டிட்டா அந்த வீட்டுல நீ பச்சத்தண்ணி குடிக்கக் கூடாது. நல்லா யோசிச்சுக்க" என்றார். "யோசிச்சுட்டுத்தான் இம்புட்டுத் தூரம் நடந்து வந்தேன், குடுங்க" என்றேன். முதல் அடி வழுக்கியது. அடுத்த அடியில் காசு வளைந்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தேன், ரெண்டாகத் தெறித்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சந்தோஷமாக இருந்தது அக்கா, தேர் பார்த்த பிள்ளைக்கு இருக்குமே, அப்படி.

ஒரு துண்டு அவள் பீடத்தில் கிடக்கிறது. மறு துண்டு வெட்டுப்பட்டவன் வீட்டுக்குப் போக வேண்டும். இதற்குள் வைத்திருக்கிறேன். வெட்டை எடுக்க ஒரே வழிதான் உண்டு என்றார் பூசாரி. வெட்டுப்பட்டவன் அந்தத் துண்டை மடியில் கட்டிக்கொண்டு, அவனால் கெட்டுப்போன குடும்பங்கள் இருக்கிற ஊரில் இருந்து நடந்தே வந்து, வெட்டினவள் பக்கத்தில் நிற்க, அம்மா முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். பஸ் ஏறினால் செல்லாது.

வேலுத்தாய்

*

திருப்பூர்
3.10.2005

தங்கச்சி வேலுத்தாய்க்கு, நீ நல்லா இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நன்றாக இல்லை.

கடிதத்தை அவர்தான் உடைத்தார். துண்டுக் காசு மடியில் விழுந்தது. முதலில் சிரித்தார். "உன் தங்கச்சிக்குப் பைத்தியம் முத்திப்போச்சு" என்று வாசலில் ஓடுகிற சாக்கடையில் வீசினார். அன்று சாயங்காலமே பேன்ட்டை மடித்துவிட்டு அதே சாக்கடைக்குள் இறங்கித் தேடினார். காம்பவுண்டில் இருக்கிற அத்தனை பேரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முழங்கை வரைக்கும் சேறு. கிடைக்கிற வரைக்கும் ஏறவில்லை.

சோற்றில் கை வைத்தால் உளிச் சத்தம் கேட்கிறது என்கிறார். தெருவில் பிள்ளைகள் தீபாவளிக்கு முன்னோட்டமாக ஒரு வெடி போட்டாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறார். சர்க்கரை ஏறிக்கிடக்கிறது. நேற்று அவராகவே சொல்லிவிட்டார், "நடக்கேன்ட்டீ, உன் தங்கச்சிகிட்ட கேளு" என்று. நானும் கூட வருகிறேன்.

சர்க்கரைக்காரர் பாதம், புண் வந்தால் ஆறாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பழனி ரோடு, இந்த வழியை நான் நடந்ததில்லை. எங்கே தொடங்க வேண்டும், எங்கெங்கே தங்க வேண்டும், பாதத்துக்கு என்ன பூச வேண்டும், எழுது. நான் உனக்குச் செய்ததை நீ எனக்குச் செய்துவிடாதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ராக்காயி

*

ஏழாயிரம்பண்ணை
8.10.2005

அக்காவுக்கு வேலுத்தாய் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. உன் உடம்பையும் பார்த்துக்கொள், வழியில் மூச்சிரைப்பு வந்தால் மருந்து கையில் இருக்கட்டும்.

பயப்படாதே. நான் பொய் வழி சொல்ல மாட்டேன். மச்சான் பாதி வழியில் விழுந்தால் நட்டம் எனக்குத்தான். அவர் அந்தப் பீடம் வரைக்கும் நல்ல காலோடு வந்து சேர வேண்டும். பத்திரகாளியம்மாவிடம் சர்க்கரைக்காரர் பாதத்தைப் பற்றி நேரில் போய்க் கேட்டு வந்திருக்கிறேன். தங்குகிற இடம், தண்ணீர் கிடைக்கிற இடம், நிழல் இருக்கிற இடம் எல்லாம் எனக்குத் தெரியும். கூடவே நடந்து வந்து ஒவ்வொன்றாகக் காட்டுவேன்.

இப்போது எங்கே தொடங்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். பூசாரி ஊரைத்தான் சொன்னார், வாசலைச் சொல்லவில்லை. வாசலை நான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலை கம்பெனி வேன் வருகிற நேரத்துக்கு இங்கே பஸ்ஸை விட்டு இறங்குங்கள். ஊரே ரோட்டில் நிற்கும். முதலில் முருகேஸ்வரி வீடு. மச்சானே கதவைத் தட்ட வேண்டும், நீ தட்டக் கூடாது. "மிஞ்சின மருந்தச் செலுத்தச் சொன்னது நான்தான், பெத்தணன் வேண்டாம்னான், பீடி நான் சொன்ன பொய்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லட்டும். பிறகு மற்ற ரெண்டு வீடு, அதே பேச்சு.

முருகேஸ்வரியிடம் நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. கதவைத் தட்டுவது யார் என்று அவளே திறந்து பார்க்கட்டும். அவள் விளக்குமாற்றை எடுத்தால் மச்சான் கையால் தடுக்கக் கூடாது. நீயும் நடுவில் புகக் கூடாது. நானும் புக மாட்டேன்.

அந்த மூன்று வாசலையும் தாண்டி அவர் என் வாசலுக்கு வரட்டும். பாதத்துக்கு என்ன பூசுவது என்று அப்புறம் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கும்,
பெத்தணன் மனைவி வேலுத்தாய்